தம்பியின் முழங்கையும் எமரினும்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த முதல் மாதமே எனக்குக் காய்ச்சல். ஸ்ரீவராகத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சரசம்மா ஜன்னலருகே வந்து நின்று, "குறவுண்டோ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணைப் பார்த்துக் குறை உண்டா என்றா கேட்பார்கள்? "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். மாலையில் கணவர் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் புரிந்தது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் அரைநாள்கூட ஆகாத ஊர் இது. கடல் கடந்து போனவர்களைப் போல எழுத எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. ஆனால் தெரிந்த சொல்லே வேறு பொருளில் வந்து நிற்கும் ஊரில், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பதறிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மருத்துவமனையின் தசைநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை கிடைத்தது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு காலை, வார்டிலிருந்து சாம்பிள் வாங்கப் போயிருந்தேன். டாக்டர் லீலா மாணவர்கள் சூழ நின்று ஓர் இளைஞனிடம், "கையொந்நு நீட்டிக்கே" என்றார். அவன் நீட்டினான். முழங்கை பாதியில் நின்றுவிட்டது. கழுத்தும் குனியவில்லை. நடக்கச் சொன்னால் குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் நடந்தான். "மஸில் மாத்ரம் நோக்கியால் போரா. ஹார்ட் எப்போ வேணமெங்கிலும் நிந்நு போகாம்" என்றார் டாக்டர். தசையை மட்டும் பார்த்தால் போதாது, இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். நான் கையில் பாட்டிலோடு அப்படியே நின்றேன். அந்த இளைஞனிடத்தில் என் தம்பி செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் டிரில் வாத்தியார் "கையை நேரா வைல" என்று பிரம்பால் முழங்கையிலேயே அடிப்பார். செல்வம் அழுவானே தவிர, கை நேராகாது. அம்மாவின் தம்பிக்கும் அதே கைதான். "மாமனை உரிச்சு வச்சிருக்கான்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மாமா முப்பத்திரண்டு வயதில், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சைக்கிளோடு சாய்ந்து விழுந்து இறந்துபோனார். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். செல்வத்துக்கு இப்போது இருபத்தாறு. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "கல்யாணம் பேசுத நேரத்துல ஆஸ்பத்திரின்னு பேச்செடுக்காத. தை முடியட்டும், பொறவு பாப்போம்" என்றாள். "மாமாவுக்கும் கை இப்பிடித்தானம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அடுத்து, செல்வம் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் பேசினேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "படியேறும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதுக்கா. அம்மாட்ட சொல்லல" என்றான். உடனே கிளம்பி வா என்றேன். அச்சகத்தில் லீவு கிடைத்து அவன் வந்து சேர மூன்று நாட்கள் ஆயின. கூடத்தில் போன் மணி அடித்தால் கையிலிருக்கும் கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு ஓடுவேன்.

அம்மாவும் கூட வந்தாள், என்னோடு பேசாமலே. இ.சி.ஜி. எடுத்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதைத் தொடவில்லை. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் வந்து செல்வத்தைக் காட்டி அம்மாவிடம், "மோனு குறவுண்டோ அம்மே?" என்று பரிவாகக் கேட்டாள். அம்மா நிமிர்ந்து, "எம் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது" என்றாள். நர்ஸ் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

சோதனைக்காக எடுத்த செல்வத்தின் தசைத் துணுக்கு எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. வேறு யாராவது செய்யட்டும் என்றார் டாக்டர். நானே செய்கிறேன் என்றேன். செல்லின் கருவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதன் உட்புறத்தில் எமரின் என்ற புரதம் இருக்கும். அந்தச் சவ்வுக்கு உறுதி தருவது அதன் ஒரு வேலை. உள்ளேயிருக்கும் மரபணுக்களில் எது எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. சாயமேற்றி இருட்டறையில் பார்த்தால், நல்ல தசையில் ஒவ்வொரு கருவைச் சுற்றியும் பச்சை வளையம் ஒளிரும். செல்வத்தின் தகட்டை மூன்று முறை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒரு வளையம்கூட இல்லை.

எமரின் இல்லாத இந்த நோய் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்று அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்கிட்ட இருந்துதான் போச்சா?" என்றாள். அவளை அந்தக் கேள்வியோடு தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள், எனக்கும் இருக்கிறதா என்று பார்க்க, என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துத் தகட்டில் தேய்த்து டாக்டரிடம் கொடுத்தேன்.

செல்வம் ஊருக்குப் போனதும், பெண்வீட்டாரிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர்கள் விலகிக்கொண்டார்கள். "பரவால்லக்கா. சொல்லாம கெட்டியிருந்தா தெனமும் பயந்துக்கிட்டே இருக்கணும்" என்றான்.

என் தகட்டின் முடிவு வந்த மாலை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவை அழைத்தேன். "எங்கிட்டயும் இருக்கும்மா" என்றேன். 

"பாக்கதுக்கு எப்பிடிட்டி இருக்கு?"

"கொஞ்சம் செல்லுல வளையம் இருக்கு, அது அப்பா குடுத்தது. கொஞ்சம் இருட்டா இருக்கு, அது நீ குடுத்தது."

"எது எந்தப் பக்கம்?"

"பக்கம்னு இல்லம்மா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

வருடாவருடம் எனக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று சொன்னேன். "இங்கயே வந்துரேன், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.  பூத்தின் கண்ணாடிக்கு வெளியே என் ஐந்து வயது மகள் சரசம்மாவின் பேத்தியோடு மலையாளத்தில் வழக்காடிக்கொண்டு, பந்துக்காக இரு கைகளையும் நீட்டினாள். இந்த நோயால் பெண்களுக்குப் பெரும்பாலும் கை மடங்கிப்போவதில்லை என்று தெரிந்தும், ரிசீவரைக் காதில் வைத்தபடி அவள் முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.