ரூபி அக்காவை மாற்றச் சொன்னவள் நான்தான்

போன சனிக்கிழமை மார்க்கெட்டில் நஞ்சன்கூடு வாழைப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

“நீங்கதானே காலேஜ்ல அந்த பாஸ்கெட்பால் அம்மாவை எடுத்தது?”

ஆமாம் என்றேன். அவர் ரொம்ப நல்லவராயிற்றே என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். பெரியவர் குழம்பிப்போய், பழம் வாங்காமலே நகர்ந்துவிட்டார்.

நியாயமான குழப்பம்தான். நல்லவரை எதற்காக மாற்ற வேண்டும்? வாழைக்குலைகளுக்கு நடுவே நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. இந்தப் பத்திரிகையில் எனக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்... சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் நான் சரித்திரம் நடத்துகிற பெண்கள் காலேஜில், ரூபி அக்கா தையல் டீச்சர். மதராஸில் டிரெயினிங் படித்த காலத்தில் பாஸ்கெட்பால் ஆடியவர். எங்கள் டீமுக்கு அவர்தான் தலைமை கோச். உதவி கோச் என்று யாரும் கிடையாது — ஆனாலும் போர்டில் ‘தலைமை கோச்’ என்றுதான் எழுதியிருக்கும்.

டீம் உருவானதே அவரால்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பெண்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, அதுவும் ரோட்டில் போகிறவன் வருகிறவன் வேலி வழியாகப் பார்க்க, என்று சிரித்தார்கள். அக்கா வீடு வீடாகப் போனார். அக்ரஹாரத்துத் தெருக்களில் நாலு வீடு, எங்கள் சர்ச்சைச் சுற்றி மூன்று, இன்னும் எங்கெங்கோ. அப்பாக்களிடம் பேசினார். என்ன உடுப்பு என்று கேட்டார்கள். பஞ்சாபிப் பெண்கள் போடுகிற மாதிரி பைஜாமாவும் முழங்கால் வரைக்கும் சட்டையும் தானே தைத்து எடுத்துப்போய்க் காட்டினார். வெளியூருக்கு யார் கூடப் போவார்கள் என்று கேட்டார்கள். நான் போவேன் என்றார். அப்படியும் தயங்கினவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: உங்கள் பெண் சும்மா உட்கார்ந்துவிட்டு வரமாட்டாள், எல்லா மேட்சிலும் ஆடுவாள்.

பதினோரு அப்பாக்கள். பதினோரு பெண்கள். ஆனால் கோர்ட்டில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தானே நிற்க முடியும்?

சிக்கல் புரிகிறதா?

அக்கா வாக்குத் தவறாதவர். கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆட்களை மாற்றுவார். நன்றாக ஆடுகிறவள், ஆடாதவள் என்ற பேச்சே இல்லை. முதல் வருஷம் தோற்றோம்... புது டீம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் வருஷமும் தோற்றோம். இந்த வருஷம் பெங்களூரில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

அன்று நானும் போயிருந்தேன். கேம்ஸ் கமிட்டிக்கு நான்தான் செக்ரடரி. (வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் என் தகுதி.) எதிர் டீமைவிட நாலே பாயின்ட் பின்னால் இருந்தோம். எங்கள் கேப்டன் நாகரத்னாவுக்கு அன்று கை வாய்த்திருந்தது. எறிகிற பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுகிறது. எங்கள் பெண்கள் கத்தின கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. நாகரத்னாவை வெளியே அழைத்து, அலமேலுவை உள்ளே அனுப்பினார்.

அலமேலு அக்ரஹாரத்துப் பெண். பி.ஏ. இரண்டாம் வருஷம். என் வகுப்பில் முதல் மார்க் அவள்தான். பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

பதினான்கு பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம். நாகரத்னா குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதாள். மைசூர் திரும்பின மறுநாள் பிரின்ஸிபால் மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. கோச்சை மாற்றித் தரும்படி கேட்டு, பத்துப் பேர் கையெழுத்து.

பிரின்ஸிபால் அந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு வாரத்தில் முடிவு எழுதிக் கொடு, உனக்குத்தான் அந்த அம்மாவை நன்றாகத் தெரியும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: அடுத்த வருஷமும் இப்படியே என்றால், பாஸ்கெட்பாலையே நிறுத்திவிட்டு, ரப்பர் வளையம் எறிகிற டென்னிகாய்ட் வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்’ என்று எழுதத்தான் நான் பேனாவைத் திறந்தேன். நம் ஊரில் எந்தக் கமிட்டிக்கும் மிகவும் பிடித்த வாக்கியம் அதுதானே? யாருக்கும் வலிக்காது. ரூபி அக்கா எனக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்து இடம். எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் கஞ்சி கொண்டுவந்தவர். அவரைப் போய்...

மூன்றாம் நாள், வகுப்பு முடிந்தபின் அலமேலு என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. பத்துப் பேர் போட்ட கையெழுத்தில் தன்னுடையது இல்லை என்று சொல்லத்தான் வந்தாளாம். தெரியும் என்றேன். உனக்கு ரூபி மிஸ் போவதில் இஷ்டமில்லை போலிருக்கிறது என்றேன்.

தலையை ஆட்டினாள்.

“அப்படி இல்லே மிஸ். எனக்குன்னு அவா அஞ்சு நிமிஷம் குடுக்கறா. அந்த அஞ்சு நிமிஷமும் மத்தவா மொகத்தை நான்தான் பாக்கறேன். எனக்கு ஆடக் கத்துக் குடுக்க ஒருத்தர் வேணும்... இல்லேன்னா, என்னை வெளில உக்காத்தி வைக்க ஒருத்தர் வேணும்.”

பிறகு, தான் வந்ததை ரூபி மிஸ்ஸிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த ‘இன்னும் ஒரு வருஷம்’ காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. யாருக்கு நல்லது செய்வதாக அக்கா நினைத்தாரோ, அந்தப் பெண்ணே அதற்குக் கூசிப்போய் நிற்கிறாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி, அக்காவிடம் யார் சொல்வது? பிரின்ஸிபால் ஆபீஸிலிருந்து ஒரு கவர் போகும். பியூன் கொடுப்பான். அதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே நான் எழுதினதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா தையல் மெஷினில் இருந்தார். டீமுக்குத்தான் — கிழிந்த சட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“ஸ்டெல்லா, இன்னிக்கு நீ சும்மா வந்தியா, கமிட்டியா வந்தியா?”

“கமிட்டியா வந்தேன் அக்கா. ஆனா காபி குடிச்சிட்டுத்தான் போவேன்.”

காபி வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. டீம் மூன்று வருஷமாகத் தோற்கிறது, காரணம் அந்தக் கடிகாரம், வேறு ஆளைப் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். அலமேலு பேரை எடுக்கவில்லை.

அக்கா கோபப்படவில்லை. பதினோரு அப்பாக்களின் பேரையும் வரிசையாகச் சொன்னார். எந்த அப்பா எப்படித் தயங்கினார், எந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசலிலேயே நிற்க வைத்தார்கள், எந்த அம்மா புருஷனுக்குத் தெரியாமல் சமையலறைக் கதவருகே வந்து “அழைச்சுண்டு போங்கோ” என்று சொன்னாள்... எல்லாம். நாளைக்கு அந்த வீடுகளில் தன் வாக்குக்கு என்ன மரியாதை என்று கேட்டார்.

எழுதினதைக் கொடு, படிக்கிறேன் என்றார்.

இங்கேதான் எனக்கு வெட்கம். நேரில் வந்து சொல்கிற தைரியம் இருந்த எனக்கு, காகிதத்தில் அது இல்லை. ‘உடல்நலக் குறைவு காரணமாக, தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி அவரே கேட்டுக்கொள்கிறார்’ என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். அவர் மரியாதையைக் காப்பாற்றுகிறேனாம்.

அக்கா அந்த வரியை இரண்டு தரம் படித்தார். மெஷின் மேஜைமேல் துணியில் கோடு போடுகிற பென்சில் கிடந்தது. அதை எடுத்து, அந்த வரியை அடித்தார்.

“எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. டீம் தோக்குதுன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். அந்த மேஜையிலேயே. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘தோல்வி’ என்பதற்கு நான் போட்டிருந்த இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஒரு தப்பையும் திருத்திக் கொடுத்தார். வாசல்வரை வந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்து இடம் காலி. அக்கா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

புது கோச் பெங்களூரிலிருந்து வந்தாள். டிரில் பயிற்சி முடித்த பெண், இருபத்தைந்து வயது இருக்கும், விசில் வாயிலிருந்து இறங்காது. வந்த வாரமே ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தாள். மாற்றுக்கு மூன்று பேர் போதும் என்றாள். மீதி மூன்று பேரில் இரண்டு பெண்கள் டீமையே விட்டுவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா ஆபீஸுக்கே வந்து, வாக்குக் கொடுத்த அம்மா எங்கே என்று சத்தம் போட்டார். அந்த மனுஷர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது பெண் அலமேலு. அவள் விடவில்லை. ஸ்கோர் எழுதுகிற நோட்டை அவளிடம் கொடுத்தார்கள்.

அடுத்தாற்போல் பெங்களூர் மேட்ச் வந்தது. கூடவே புதுத் தலைவலியும். கல்யாணமாகாத சின்னப் பெண்ணை நம்பி எங்கள் பெண்களை ரயிலேற்ற மாட்டோம் என்றார்கள் அப்பாக்கள். நானும் வருகிறேன் என்றேன். ஒருவரும் அசையவில்லை! ரூபி அம்மா போனால் சரி என்றார்கள்.

எந்த முகத்தோடு போய்க் கேட்பது? எனக்குத் துணிவு வரவில்லை. நாகரத்னா போனாள், அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்ட அதே நாகரத்னா. என்ன பேசினாளோ தெரியாது. காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் சித்ரான்னக் கூடை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

மேட்ச் முழுக்க அக்கா பெஞ்சில், அலமேலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாகரத்னா ஒரு நிமிஷம்கூட வெளியே வரவில்லை. மூன்று பாயின்டில் ஜெயித்தோம். மூன்று வருஷத்தில் முதல் தரம். நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினவள் அலமேலு. அவள் தொண்டை கட்டி, இரண்டு நாள் என் வகுப்பில் பதில் சொல்ல முடியவில்லை. அக்கா எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்... ரொம்ப நேரம் துடைத்தார்.

மறுநாள் அடுத்த மேட்ச். அதில் தோற்றோம். கோச்சை மாற்றினால் கோப்பை வந்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பி வருகிற ரயிலில், மண்டியா தாண்டினபின் அக்கா எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு இதுதான்:

“உங்க புது கோச் கடைசில அந்த உயரப் பொண்ணை வெளில எடுத்திருக்கக் கூடாது. அங்கதான் போச்சு.”

அவர் சொன்னது சரி. அதைப் புது கோச்சிடம் அவரே சொல்லட்டும் என்று பெட்டியின் அந்தக் கோடிக்கு அனுப்பி வைத்தேன். மைசூர் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே வந்தார்கள்.

கோச்சை மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். போய்ச் சொல்கிற வேலையை மட்டும் பியூனிடம் கொடுத்துவிடாதீர்கள்.