அளக்க வராத விமானம்

அன்று காலை நிலத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். நான். என் மனைவியின் தம்பி, டூவீலர் மெக்கானிக். நிலத்துக்கார அம்மா, ஐம்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. அவருடைய கொழுந்தனார். வரப்பில் இரண்டு ஆடு.

அடி அண்ணாமலை தாண்டி வேர்க்கடலை பிடுங்கி முடித்த நிலம் அது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று டீக்கடையில் கொழுந்தனாரிடம் கேட்டிருந்தேன். விமானம் விட என்றேன். எதுவும் விசாரிக்காமல் சரி என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

நான் வேங்கிக்காலில் ஒரு ஷெட்டில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒரு கல்லூரியில் பையன்கள் பறக்கவிடும் சின்ன விமானங்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தபோது இந்தக் கிறுக்கு பிடித்தது. அவர்கள் வேண்டாம் என்று போட்ட ஒரு பழைய எஞ்சினைக் கேட்டு வாங்கினேன். தெர்மோகோலில் சிலது செய்து, விட்டு, உடைத்துக் கற்றுக்கொண்டேன்.

இது ரிமோட்டில் போவது இல்லை. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு முனை இறக்கையில், மறுமுனை என் கையில் இருக்கும் பிடியில். நான் நடுவில் நிற்பேன். அது என்னைச் சுற்றும். மணிக்கட்டைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். சரியாகச் சாய்த்தால் குட்டிக்கரணம் போடும். அதற்கென்றே செய்கிற விமானம்.

இந்தத் தடவை மரத்தில் செய்தேன். பஞ்சு மாதிரி லேசான மரம், மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. ஆரணியில் ஜரிகை இல்லாத மெல்லிசுப் பட்டு வாங்கி இறக்கைக்குப் போர்த்தினேன். மேலே லாக்கர், பளபளவென்று காயும் பெயின்ட். ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மழை வந்துவிட்டது. ஈரக் காற்றில் அடித்தால் லாக்கர் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தேன். தை வெயிலில் முடித்தேன். வெள்ளை உடம்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. கார் பானெட் மாதிரி முகம் தெரிந்தது.

நிலத்துக்கு நடுவில் ஒரு இரும்பு முளை அடித்தேன். அதில் சணல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் பெரிய வட்டம் போட்டேன். விமானம் சுற்றும்போது யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. முளையிலிருந்து கம்பியை நேராக இழுத்துத் தரையில் போட்டேன். என் வேலை எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

புல் அறுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அரிவாளோடு வந்தார்.

"யாரு கோடு போட்டது?"

"நான்தான்க்கா."

"எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்ல. பெயின்டரு."

"பெயின்டருதான் போன மாசம் கல்லுக்குச் செவப்பு அடிச்சிட்டுப் போனான்."

விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் அந்தப் பக்கம் வெள்ளை வண்டி ஒன்று வந்ததாம். இறங்கியவர்கள் இந்த நிலத்திலும் மூலைக்கு மூலை கல் நட்டு, சுண்ணாம்பு தூவி, ட்ரோன் விட்டார்களாம். கேட்டதற்கு, சும்மா போட்டோ என்றார்களாம். நிலத்தில் ரோடு வரப்போகிறது, எத்தனை அடி எடுக்கிறார்களோ அத்தனைக்குப் பணம் என்று அதிலிருந்து பேச்சு. வந்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது நான் முளை அடித்து, கம்பி இழுத்து, சுண்ணாம்பும் போட்டு, பறக்கிற சாமானோடு நிற்கிறேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் சொன்னார்: "அண்ணி, நான்தான் விடச் சொன்னேன். வெளையாட்டு சாமான் அது."

"சொல்றதுக்கு நீ யாரு? நெலம் யாரு பேர்ல இருக்குது?"

கொழுந்தனார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கம்பி கரெக்டா எவ்ளோ நீளம் தம்பி?"

"அறுபது அடி."

முளையைப் பார்த்தார். அங்கிருந்து வரப்பு வரைக்கும் பார்த்தார். கணக்குப் போடுவது மாதிரி உதடு அசைந்தது. அந்த அம்மாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். டீக்கு அவர் காசு கொடுத்தது அப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

"உள்ள காமெரா கீது," என்றார் அந்த அம்மா. "வயித்த அறுத்துக் காட்டு."

"அறுத்தா பறக்காதுக்கா," என்றான் மச்சான்.

"பறக்காட்டி எனக்கு நல்லதுதான்."

நான் விமானத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். "இன்னா இது, காஞ்ச சொரக்கா மாதிரி கீது." விரலால் தட்டினார். காதில் வைத்தார். மோந்தார்.

"விளக்கெண்ண வாசன அடிக்குது."

"எஞ்சினுக்கு அதான் ஊத்தறது."

"காமெராவுக்கு இல்லியே?"

அரிவாள் மூக்கை அடிப்பக்கம் வைத்தார். மச்சான் ஒரு அடி முன்னால் வந்தான். வேண்டாம் என்று கை காட்டினேன். பட்டு கிழிந்தால் ஒட்டலாம். பெயின்ட் சேராது, ஒட்டுப் போட்ட இடம் வாழ்நாளுக்கும் தெரியும். கெஞ்ச எனக்கு வராது.

"அறுக்கறதுன்னா அடியில அறுங்க," என்றேன். "மேல வேணாம்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அரிவாளை எடுத்துவிட்டார்.

"அறுன்னு சொல்றவன் வேற எங்கியோ வெச்சிருப்பான். நீ விடு. நான் உங்கூட நடுவுல நிப்பேன். எத பாக்குது, எங்க போவுதுன்னு நானே பாக்கறேன்."

"கண்ணு சுத்தும்க்கா."

"எனக்கு எது சுத்துதுன்னு நான் பாத்துக்கறேன்."

"அரிவாள வெளிய வெச்சிட்டு வாங்க. என் பெல்ட்ட புடிங்க. நான் திரும்பினா திரும்புங்க. விட்டுடாதீங்க."

மச்சான் எரிபொருள் ஊற்றி, பேட்டரி கொடுத்து, விசிறியைச் சுண்டினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆடுகள் ஓடின. நான் தலை அசைத்ததும் கையை விட்டான்.

கம்பி விறைத்தது. அந்த இழுப்பு தோள் வரைக்கும் வந்தது. விமானம் நேராகப் போனது. மலை வந்தது, போனது. வரப்பு வந்தது, கொழுந்தனார் வந்தார், போனார். திரும்ப மலை. முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. கிணற்றில் மோட்டார் ஓடுவதற்குக் கணக்கு வைப்பது மாதிரி.

கொஞ்சம் கழித்து வரப்பில் கொழுந்தனார் இல்லை. அடுத்த சுற்றில் மூலைக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்கடுத்த சுற்றில், காலை அளந்து அளந்து வைத்து நடந்துகொண்டிருந்தார். நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் வெளியே போக முடியாது.

மணிக்கட்டைச் சாய்த்தேன். விமானம் செங்குத்தாக ஏறி, கவிழ்ந்து, ஒரு முழு வளையம் போட்டு அதே உயரத்துக்கு வந்தது. இன்னொன்று. சிவப்புக் கோடு வெயிலில் மின்னியது.

"கவுந்துடுச்சிபா."

"கவுக்கத்தான் செஞ்சது."

"அதுவும் ஒரு சுத்தா?"

நான் மணிக்கட்டை நேராக்கினேன். இனியும் பேசினால் கை தப்பும்.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. விமானம் சத்தமில்லாமல் இறங்கி, வேர்க்கடலைக் குழியில் சக்கரம் இடறி மூக்கில் நின்றது. விசிறி ஒரு பக்கம் உடைந்தது. இறக்கை தப்பித்தது. அந்த அம்மா முளையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தனார் சிரித்துக்கொண்டே வந்தார். "சூப்பரா வுட்டீங்க தம்பி. அந்தக் கம்பிய சாயந்திரம் வரைக்கும் குடுங்க."

"இன்னாத்துக்கு?" என்று கீழேயிருந்து கேட்டார் அந்த அம்மா.

"சும்மா, அண்ணி."

நான் கம்பியைச் சுற்றிப் பைக்குள் போட்டேன். "குடுக்கறதுக்கு இல்லைங்க," என்றேன்.

அந்த அம்மா எழுந்து முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அதை என்னிடம் தராமல் இடுப்பில் செருகிக்கொண்டார். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்துக்கொண்டே போனார். முளை போனால் வேறு அடித்துக்கொள்ளலாம்.

"மயங்கி உக்காந்துட்டீங்க, இன்னாத்த பாத்தீங்க?" என்றார் கொழுந்தனார்.

"நீ கல்லாண்ட நடந்தத பாத்தேன். அது சுத்தினத எண்ணினேன். நாளைக்கு எவனாச்சும் அளந்தாச்சுன்னு காயிதம் எடுத்துக்கினு வந்தா, இவ்ளோதான் சுத்துச்சி, நான் கூடவே நின்னேன்னு சொல்லுவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். என்னையும் அவர் நம்பிவிடவில்லை, முகத்தில் தெரிந்தது.

"நீ எத்தினி சுத்துன்னு சொல்லப் போற?"

"நான் எண்ணலைக்கா. நீங்க சொல்றதுதான்."

"நாப்பத்தி மூணு."