பாலிஷ் போடாத கால்

தொண்ணூறுகளில் தச்சநல்லூரில் எங்கள் முதல் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். விலை ஏறுமுன் தேக்குக் கட்டில் ஒன்றை வாங்கினேன். வீடு முடியும்வரை தன் கடையிலேயே இருக்கட்டும், வாடகை வேண்டாம் என்றார் கடைக்காரர். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இதை விற்றுவிட்டு மட்டமான கட்டிலை என் தலையில் கட்டிவிடுவாரோ? அவர் பார்க்காத நேரம் கட்டில் காலின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். வாரந்தோறும் போய்க் குனிந்து பார்ப்பேன். அந்த ஒல்லி மனிதர் ஏதாவதொரு பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

கட்டிலை வண்டியில் ஏற்றிய அன்று சொன்னார்:

"பாலிஷ் போட்டாச்சு சார். ஒரு கால்ல உள்பக்கம் மட்டும் போடல. உங்க கோடு அழிஞ்சிரும்லா."

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"பைய, எங்கயும் இடிக்காம கொண்டு போங்க" என்று வண்டிக்காரரிடம் திரும்பிவிட்டார்.

அத்தனை மாதமும் தெரிந்தேதான் என்னைக் குனியவிட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.