நேராக்கிக் கொடுத்த தாள்

குணசீலனைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் "அந்த வாயில்லாப் பூச்சியா?" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பேச வீட்டில் ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். சுவரிடமா பேசுவான் மனுஷன்?

ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவர், வருஷத்தில் இருபது நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் கடைதான் எனக்கு வீடு, வாசல் எல்லாம். குணசீலன் ஆறு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வருவான். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசையில் வைப்பான். அதிலிருந்து நான் எடுத்துத் தருவது எழுத்தே இல்லாத படம். கறுப்புக் கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கும். அதற்கென்று வழுவழுப்பான தாளையும் அவனே கொண்டுவருவான். அந்தத் தாள் என் மெஷினுக்குள் போய் மாதம் ஒரு முறையாவது சிக்கிக்கொள்ளும்.

"இன்னொரு தடவ சிக்குச்சுன்னா மெஷின உங்க தலைல கட்டிருவேன் தம்பி."

"சரிங்கக்கா. கருப்பு கொஞ்சம் கூட வெச்சு எடுங்க."

எங்கள் பேச்சு அத்தோடு முடியும். திட்டினாலும் சிரிப்பான்.

ஊருக்கு மேற்கே அவனுக்கு மூன்று ஏக்கர் பூமி. டிப்ளமோ படித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு வந்தான். அப்பா முன்னாடியே போய்விட்டார். நான்கு வருஷம் முன்பு அம்மாவும் போனார். தோட்டத்து வீட்டில் மஞ்சள் மூட்டை போடுகிற அறையில் உட்கார்ந்து, சுற்று வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கிறான். நான் எடுத்துத் தரும் தாளைச் செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பானாம். பிறகு செம்பைத் தின்னும் ஒரு காவித் தண்ணீரில் போடுவானாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மேற்கொண்டு நான் கேட்டதுமில்லை. அந்தத் தண்ணீர் விரலில் பட்டால் பத்து நாளானாலும் மஞ்சள் கறை போகாது என்பது மட்டும் அவன் கையைப் பார்த்தே தெரியும்.

வயது முப்பத்தொன்பது. பூமியை நம்பி இருக்கிற பையனுக்கு இன்றைக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? தரகர் மணியன் அவன் ஜாதகத்தை இருபத்தேழு தடவை என் கடையில் காப்பி எடுத்திருக்கிறார். எடுத்துக் கொடுத்த எனக்கே அந்தக் கட்டங்கள் மனப்பாடம்.

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை மணியன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "செல்வி, இது முடிஞ்ச மாதிரித்தான். நாமகிரிப்பேட்டைப் பொண்ணு. பள்ளிக்கூடத்துல டீச்சரு. தோட்டத்துல வந்து இருக்கறேன்னு அந்தப் புள்ளயே சொல்லிருச்சு!"

அதற்குள், அவர் வரச் சொல்லியிருந்த குணசீலனும் வந்து சேர்ந்தான். மணியன் அவன் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழம போறோம். அதுவரைக்கும் அந்தக் கருமாந்திரத் தண்ணியத் தொடாத. கையப் பாத்தா எவனும் நோவுன்னு நெனச்சுக்குவான்."

"சரிங்க."

சொன்னபடி இருந்தான். ஒரு வியாழக்கிழமை வரவேயில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டு, அடிக்கடி ரோட்டைப் பார்த்தேன். மெஷின் சிக்காத வியாழக்கிழமை என்று சந்தோஷப்பட வேண்டியவள், எரிச்சலாக இருந்தேன். அடுத்த வியாழனும் அப்படியே போனது.

பெண் பார்க்கப் போகிற ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், அரக்கப் பரக்க வந்து நின்றான். தீனதயாளன் பண்ணையில் போர்டு எரிந்துவிட்டதாம். சூடு ஏறினால் கோழி ஷெட்டில் விசிறியையும் தண்ணீர் தெளிப்பானையும் தானாக ஓட விடுகிற போர்டு அது. அந்த வெயிலில் அது இல்லாவிட்டால் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும்.

"நாளைக்கு என்ன நாளுன்னு ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"கையில படாமச் செஞ்சுருவனுங்கக்கா. கையுறை இருக்குது. ஒரே முக்கு, இடுக்கியில புடிச்சு எடுத்தா முடிஞ்சது."

கடையில் அன்றைக்குக் கூட்டம். ஒரு பக்கம் பள்ளிக்கூட விண்ணப்பம், இன்னொரு பக்கம் ஆதார் காப்பி. அவன் படத்தைத் திறந்தேன். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அதில் எழுத்து இருந்தது. பண்ணை ஆட்கள் ஒயரை மாற்றி மாட்டிவிடுகிறார்கள் என்று ஓரத்தில் "விசிறி", "தண்ணி" என்று போட்டிருந்தான். இரண்டும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறிக் கிடந்தன.

எனக்கு ஒரு குணம் உண்டு. விண்ணப்பத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் நானே பிடித்துச் சொல்லிவிடுவேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் எழுத்துப் பிழையோடு இருந்தால் திருத்தித்தான் அச்சடிப்பேன். என் கடையிலிருந்து ஒரு தாள் கோணலாக வெளியே போகக் கூடாது. பாவம், கல்யாணப் பதற்றத்தில் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டு எடுத்தேன். விசிறி, தண்ணி இரண்டும் பளிச்சென்று நேராக வந்தன.

"எழுத்தெல்லாம் எடவலமா மாறிக் கெடந்துச்சு. அக்கா நேராக்கிட்டேன். காசு வேண்டாம், போங்க, போயி மாப்பிள்ளையா வாங்க!"

அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ரொம்ப நன்றிங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. நான் அதைக் கல்யாணச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மணியன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். பெண் வீட்டில் பலகாரத் தட்டை வாங்க அவன் கை நீட்டியிருக்கிறான். பத்து விரலும் மஞ்சள் பூத்துக் கிடந்ததாம். பெண்ணின் மாமன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் செல்வி! கேட்டானா?"

எனக்கும் கோபம்தான் வந்தது. கையுறை, இடுக்கி என்று கதையளந்தானே, அத்தனையும் பொய்யா? வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை வந்தான். விரலில் கறை இன்னும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. பென்டிரைவை வாங்கிச் செருகினேன். இந்தப் படத்திலும் எழுத்து இருந்தது. அதுவும் இடவலம் மாறித்தான் இருந்தது.

"இத அப்படியே எடுங்கக்கா" என்றான் மெதுவாக.

"ஏன்?"

"தாளக் கவுத்து வெச்சுத்தானுங்க தேய்க்கறது. மாறி இருந்தாத்தான் செம்புல நேரா விழும்."

எலியைப் பிடித்த கை அப்படியே நின்றது. எலி என்றால் கம்ப்யூட்டர் எலி. அன்றைக்கு நான் எழுத்தை மட்டுமா திருப்பினேன்? மொத்தப் படத்தையும் அல்லவா திருப்பிவிட்டேன்!

"அப்ப, அன்னிக்கு நான் குடுத்தது?"

அவன் பென்டிரைவையே பார்த்தான்.

"சொல்லுங்க தம்பி!"

"போர்டுக்கு ஆகலைங்க. பேனாவுல செம்பு மேல கையாலயே கோடு போட்டேன். அந்த மை காவித் தண்ணியில நிக்கல. நாலஞ்சு வாட்டி வெளிய எடுத்து எடுத்து மறுபடி வரைய வேண்டியதாப் போச்சு. கையுறையோட பேனா புடிக்க வரலைங்க, கழட்டிட்டேன்."

இருபத்தெட்டாவதாக வந்த சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான்தான். என் கெட்டிக்காரத்தனம்தான் அவன் விரலில் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"வாங்குனதுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? ரெண்டு நிமிஷத்துல வேற எடுத்துக் குடுத்திருப்பேனே! உங்களுக்கெல்லாம் வாயி எதுக்கு இருக்குது?" கத்தினேன். ஆதார் காப்பிக்கு நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். ஊர் சொல்கிற வாயில்லாப் பூச்சியை நானும் சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

அவன் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மா போனதுக்கப்புறம் எனக்காக ஒருத்தரு ஒண்ண சரி பண்ணிக் குடுத்தது அன்னிக்குத்தானுங்கக்கா. அதப் போயித் தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. தாள் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மூடியைத் திறந்து மூடினேன். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் "எல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்பார். "நல்லாருக்குங்க" என்பேன். நான் மட்டும் வாயைத் திறந்து என்றைக்கு எதைச் சொல்லியிருக்கிறேன்?

படத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். கறுப்பைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். மணியனிடம் நடந்ததைச் சொல்கிறேன், நானே நாமகிரிப்பேட்டைக்கு நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாங்க, அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்றான். குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தத் தாளு என்னாச்சு? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க. ஊட்டுல இருக்குது."

"உருப்படாத தாள எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"செவுத்துல ஒட்டியிருக்கேனுங்க" என்றான் குணசீலன். "போர்டுக்குத்தான் ஆகாது. படிக்க நேராத்தானே இருக்குது."