வெறுங்கடகத்தின் நிறை

ஐயாத்துரை பென்சன் எடுத்துச் சொந்த ஊரான கரம்பொன்னுக்கு வந்தபோது இரண்டு றங்குப்பெட்டியும் ஒரு வில்தராசும் கொண்டுவந்தார். கொழும்பில் அரசாங்கக் களஞ்சியமொன்றில் காலம் முழுக்க ஸ்ரோர்கீப்பராக இருந்தவர். நிறுக்காமல் ஒன்றையும் நம்பமாட்டார். இங்கே நிறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் முகம் வாடித் திரிந்தார். பிறகு ஒரு பெட்டை நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ராணி" என்று பேர் வைத்தார். படலை திறந்ததும் "ராணி, வாடி என்ரை ராணி" என்பார். குசினிக்குள் நின்ற இலட்சுமிப்பிள்ளைக்கு நெஞ்சு எரியும். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவள் அவருக்கு "இஞ்சேர்" தான்; பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

விறாந்தைச் சுவரில் ஒரு கடதாசி மட்டை தொங்கியது. கோடு போட்டு, திகதி, நிறை, பூச்சிமருந்து, விசர்நாய்த் தடுப்பூசி என்று எழுதியிருந்தார். மூத்த மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது லீவு கிடையாது என்று தந்தியடித்த மனிசன், குட்டி இரண்டு தரம் தும்மினால் அதையும் எழுதினார். ஆட்டுப்பாலில் முதல் பங்கு குட்டிக்கு. படுக்கப் போட்டது அவர் இடுப்பில் கட்டும் நல்ல சாரம்.

"எனக்கு முழங்கால் வீங்கியிருக்கு" என்றாள் ஒருநாள்.

"எண்ணெய் பூசும்" என்றார், குட்டியின் காதுக்குள் உண்ணி பார்த்தபடி.

ஞாயிறு காலையில் மாமரக் கொப்பில் தராசைக் கொளுவி, பனையோலைக் கடகத்துக்குள் குட்டியை வைத்து நிறுப்பார். வெறுங்கடகத்தின் நிறையை முதல்நாளே மட்டையின் தலைப்பில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அதைக் கழிப்பார்.

அந்தக் கடகம் அடி பிய்ந்திருந்தது. இலட்சுமிப்பிள்ளை உள்ளே புது ஓலை வைத்து, அடியையும் விளிம்பையும் பனைநாரால் இறுக்கிப் பொத்தினாள். வெளிப்பார்வைக்குப் பழைய கடகந்தான். தூக்கிப் பார்த்தாள். கனத்தது. சொல்ல வாயெடுத்தவள், முற்றத்தில் அவர் குட்டிக்குச் சீப்புப் போடுவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது.

"பாத்தீரே! ராணி என்னமாய்த் தேறிட்டாள்!"

"ஓம், ஓம். ராசாத்திக்கென்ன குறை" என்று திரும்பி நின்று சிரித்தாள். பெரிய ஸ்ரோர்கீப்பர். ஓலைக்கும் நாருக்கும் பல்லிளிக்கிறார். கனகாலத்துக்குப் பிறகு அன்று சோறு ருசித்தது.

அடுத்த ஞாயிறும் நிறுத்தார். அன்று பூச்சிமருந்து நாள். மட்டையைப் பார்த்து, விரல் மடித்துக் கணக்குப் பார்த்து, சிறு கிளாசுக்குள் துளி துளியாக விட்டார்.

"போனமுறை இவ்வளவு விடேல்லையே?"

"நிறைக்குத் தக்கதாய்த்தான் மருந்து. கூடினால் குட்டி தாங்காது எண்டு மிருகவைத்தியர் சொன்னவர். அதுக்குத்தானே நிறுக்கிறது."

குட்டி அவர் மடியில் மல்லாந்து கிடந்தது. வயிறு தவிர வேறெங்கும் சதையில்லை. கிளாசு அதன் வாய்க்குக் கிட்டப் போனது. பேசாமல் நின்றால் சாரம் மிஞ்சும், பால் மிஞ்சும். ஒரு கணம் அப்படியும் நினைத்தாள்.

"பொறுங்கோ. முதலிலை வெறுங்கடகத்தை நிறுங்கோ."

"அது நிறுத்ததுதானே?"

"நான் பொத்தினனான்."

அவர் வெறுங்கடகத்தைக் கொளுவினார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார். கழித்துப் பார்த்தால் குட்டி தேறவேயில்லை, இளைத்திருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களே? இந்த வீட்டிலை என்ன பிய்ஞ்சது, ஆர் பொத்தினது எண்டு ஒருநாள் கேட்டனீங்களே?"

 அவர் மருந்தைக் கொட்டிவிட்டு, குறைத்து அளந்தார். அவள்தான் குட்டியின் வாயைப் பிரித்துப் பிடித்தாள். அது பாதியை அவள் சேலையில் துப்பியது. அவர் தடவியது குட்டியை.

சேலையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வந்து மட்டையைப் பார்த்தாள். கடைசி இரண்டு ஞாயிறும் எழுதிய நிறைகள் வெட்டப்பட்டிருந்தன. கீழே புது வரி: "கடகம் கனத்தது. பொத்தியது: வீட்டுக்காரி."

"எனக்குப் பேர் இல்லையோ?"

அவர் அவளைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லை வெட்டி மேலே எழுதினார். அவள் பக்கத்திலேயே நின்று, எழுத்துக்கெழுத்தாகப் பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை என்ற பேருக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. கடைசி எழுத்துகள் ராணியின் நிறைக்கென விட்டிருந்த அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றன.

"அங்காலை போகுது" என்றார் அவர்.

"போகட்டும்" என்றாள்.