எங்கள் தண்ணீர் அழுக்குதான் என்று நிரூபித்த கதை

எங்கள் குடியிருப்பின் செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்த அன்று நான் கூட்டத்துக்கே போகவில்லை. வராதவர்கள் தலையில்தான் பதவியைக் கட்டுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கரூரிலிருந்து வெள்ளானூருக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத எனக்கு, ஒரே நாளில் இருநூறு வீட்டுக் கழிவறைகளும் பொறுப்பாகிவிட்டன.

கழிவறை என்றால் சும்மா இல்லை. அங்கிருந்து போவதெல்லாம் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், காற்றடித்து, தெளியவைத்து, வடிகட்டி, மறுபடி தண்ணீராக வெளியே வரும். எங்கள் செடிகளுக்கும் ஃப்ளஷுக்கும் போக மிச்சம் சாக்கடையில் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம், ஊரே மனை மனையாகப் போன பிறகும் விற்காமல் ஒருவர் அரை ஏக்கரில் சம்பங்கி போட்டிருந்தார். அந்தக் கோடையில் அவர் கிணறு வற்றிவிட்டது. செடி காய்ந்தால் நிலத்தை விற்றுவிடுவதாகத் தன் மகன்களிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை கேட்டில் நின்று என்னிடம் கேட்டார்.

"சாக்கடைல உடுற தண்ணிய எனக்கு உட்டா இன்னாம்மா?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்றைக்கே விதிகளைத் தேடிப் படித்தேன். சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விற்கலாம். பூச்செடிக்கும் கட்டட வேலைக்கும் கொடுக்கலாம். குடிக்கவோ, பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு ஊற்றவோ கூடாது. ஆய்வகச் சான்று, அதிகாரியின் அனுமதி, வாங்குபவரோடு ஓர் ஒப்பந்தம், இவ்வளவும் வேண்டும். நாம் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளஷ் பண்ணுவதற்குப் பின்னால் இத்தனை சட்டமா என்று கர்வமே வந்துவிட்டது. லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலர் என்னைப் பார்த்ததும் படியேற ஆரம்பித்தார்கள்.

அம்பத்தூர் ஆய்வகத்துக்கு மாதிரியை நானே கொண்டுபோவதாகச் சொன்னேன். அங்கேதான் சறுக்கினேன். நிலையத்துக் குழாயில் பிடித்த தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்க சொம்பை இரண்டு தரம் கழுவும் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் தண்ணீர் முதன்முதலாக வெளியே போகிறது, நாலு பேர் பார்க்கப்போகிறார்கள், மஞ்சளாகவா அனுப்புவது? பாதியைக் கொட்டிவிட்டு, சமையலறைக் கேன் தண்ணீரை ஊற்றினேன். அப்போதும் மனசு கேட்கவில்லை. மீதிப் பாதியையும் கொட்டிவிட்டு, முழுக்கக் கேன் தண்ணீரையே நிரப்பினேன்.

பத்து நாள் கழித்து, எங்கள் அனுமதி மனுவைப் பார்க்கும் அதிகாரி ஃபோன் செய்தார். நீங்கள் கொடுத்தது கழிவுநீரே இல்லை, குடிநீர் என்றார். போர்வெல் தண்ணீரை எடுத்துக் கழிவுநீர் என்ற பேரில் விற்கப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டார். நிலத்தடி நீரை விற்பதற்கு வேறு சட்டம், வேறு உரிமம். எங்களிடம் அது கிடையாது. வியாழக்கிழமை நேரில் வருவேன், திருப்தி இல்லையென்றால் மனுவைத் தள்ளிவிடுவேன் என்று ஃபோனை வைத்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சம்பங்கி இலைகள் நுனியில் பழுத்திருந்தன.

எங்கள் சங்கத் தலைவர் அண்ணனூரில் மின்ரயில் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். உண்மையைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டார். வியாழன் பதினொரு மணிக்கு யாரும் கழிவறையை விட்டு நகரக் கூடாது, தலைவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்ய வேண்டும்.

அதிகாரி வந்ததும் கேன் தண்ணீர் விஷயத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். அவர் முகம் அசையவில்லை. வடிகட்டிய தண்ணீரைத் தானே பாட்டிலில் பிடித்து, மூடி, முத்திரை ஒட்டினார். இது எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்டார். தலைவர் ஃபோனில் "இப்போ" என்றார். தலைக்கு மேலிருந்த குழாய்கள் ஒவ்வொன்றாக உறும, முதல் தொட்டி நுரைத்துப் பொங்கியது. அதிகாரி இரண்டடி பின்னால் போனார். வெட்கம் மானம் இல்லாமல் நான் கைதட்டினேன். நாலாவது மாடி பால்கனியிலிருந்து, இன்னொரு தரம் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

"போதும்மா, நம்பிட்டேன்" என்றார் அதிகாரி.

அடுத்த சான்று, சட்டம் கேட்ட அளவுக்குச் சரியான அழுக்கோடு வந்தது. அனுமதியும் வந்தது. பேருக்கு ஒரு விலை வைத்து ஒப்பந்தம் தயாரித்தோம். நான் கேசரி கிண்டி எடுத்துவந்தேன். சம்பங்கிக்காரர் காகிதத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். விற்பவர், நாங்கள். வாங்குபவர், அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நீங்க நாலு போர் போட்ட அப்பாலதாம்மா என் கெணறு வத்திப்போச்சி. என் தண்ணிதான் உங்க ஊட்டயெல்லாம் சுத்திகினு வந்து கீது. பரவால்ல, நானே வாங்கிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். விற்பவர் பக்கம் காலியாக இருந்தது. இத்தனை நாளாக நான் படித்த விதிகளில் இதற்கு ஒரு வரியும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"போடும்மா, செடி காயுது" என்றார்.

போட்டேன்.