மார்கரெட்டுக்கு ஒரு மெழுகுதிரி

தமிழர் நிறைந்த மல்வேர்ன் புறநகரில் அருள்நாயகத்தைக் ‘கப்பல்’ என்றுதான் சொல்வார்கள். 2010இல் அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு எத்தனை பஸ் ஏறினாலும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கோடையில் கல்லறைகள் நிறைந்த பழைய சேமக்காலை ஒன்றில் புல் வெட்டுவார். குளிர்காலத்தில் பேஸ்மென்ற் அறையும் தேத்தண்ணிக் கேத்திலும்தான் துணை.

அவருடைய மனைவி யூஜினி, யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து ஒரு கடற்கரையில் இறந்துபோனாள். தன் கையாலேயே மண் தோண்டிப் புதைத்தார். அடையாளம் வைக்க நேரமிருக்கவில்லை. இங்கே வந்தபிறகு அவள் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், எங்கே அடக்கம் என்று கேட்பார்கள்.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்த ஆத்துமாக்களின் நாள். கோயில் சனம் முழுவதும் சேமக்காலைக்கு வந்து தங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். முதல் வருடம் அருள்நாயகம் மெழுகுதிரியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே நின்றார். கொளுத்த அவருக்கு ஓர் இடம் இல்லை.

அடுத்த கோடையில், மூலையில் புல் வெட்டும்போது, சாய்ந்து கிடந்த கல் ஒன்றைக் கண்டார். மார்கரெட் டொய்ல் என்று பொறித்திருந்தது, கீழே அவள் கதையும். அயர்லாந்திலிருந்து 1889இல் நீராவிக் கப்பலில் வந்தவள். அதே குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தவள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர் நாட்டிய கல். பக்கத்தில் அவளுடைய உறவு ஒன்றும் இல்லை.

‘நீயும் கப்பலோ’ என்று நினைத்துக்கொண்டார். அந்த நவம்பரில் ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரி வைத்து அவளுக்குக் கொளுத்தினார். பிறகு வருடம் தவறவில்லை.

கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? கப்பல் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தார், அவள் செத்துப்போனாள், பாவம், என்று கதை நடந்தது. கல்லில் இருந்த வருடத்தை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இந்த வருடம் செபமாலைக் கூட்டத்தை நடத்தும் அல்பேட்டும் எமில்டாவும் ஏழெட்டுப் பேரோடு அந்த மூலைக்கே வந்துவிட்டார்கள்.

“ஒவ்வொரு வருசமும் தனிய நிக்கிறியள் அண்ணை. அதுதான் நாங்களும் வந்தனாங்கள்,” என்றார் எமில்டா. “மனிசியின்ட பேரைச் சொல்லுங்கோ, செபத்தில சேர்ப்பம்.”

அருள்நாயகத்தின் பக்கத்தில் இவ்வளவு பேர் வந்து நின்று எத்தனையோ காலம். ‘மார்கரெட்’ என்று சொன்னால் போதும், நிற்பார்கள். வாய் திறந்தார். பெயர் வரவில்லை.

“இவ எனக்குச் சொந்தமில்லை,” என்றார். “புல் வெட்டேக்க கண்ட கல். கப்பலில வந்தவ.”

“எந்தக் கப்பல்? உங்கட கப்பலோ?”

“அதுக்கு முந்தினது. நூறு வருசத்துக்கு மேல.”

அல்பேட் குனிந்து கல்லைப் பார்த்தார். “கடவுளே. பக்கத்து ஊர் விட்பி வரைக்கும் உங்கட மனிசி வெள்ளைக்காரி எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இனி என்னத்தைச் சொல்லுறது?”

யாரோ சிரித்தார்கள். எமில்டா சிரிக்கவில்லை.

“அப்ப உங்கட மனிசி, அண்ணை?”

“யூஜினி,” என்றார். தன் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு அவருக்கே திக்கென்றது. “அவவுக்குக் கல் இல்லை. வன்னியில, கடற்கரையில.”

எமில்டா எங்கே அடக்கம் என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து மார்கரெட்டின் போத்தலுக்குப் பக்கத்தில் கொளுத்தி ஊன்றினார். இரண்டு பெயரையும் சொல்லிச் செபித்தார்கள். குளிர் கடித்தது. அவரவர் தங்கள் கல்லறைகளுக்குப் போய், பிறகு காருக்குப் போனார்கள். “வாங்கோ, இறக்கிவிடுறன்,” என்று அல்பேட் கூப்பிட்டார்.

“நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸில வாறன்.”

மார்கரெட்டின் மெழுகுதிரிக்குப் போத்தல் இருந்தது. யூஜினியுடையது வெறுங்காற்றில் நின்று ஆடியது. அருள்நாயகம் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினார். அது எரிந்து முடியும்வரை எழும்பவில்லை.